மலேரியா ஒழிந்ததற்கு எது சாட்சி?

1880-ம் வருஷம் நவம்பர் மாதம் 6-ந் தேதி, அல்ஜீரியாவிலுள்ள கான்ஸ்டன்டைன் நகரத்து ராணுவ ஆஸ்பத்திரியில், லாவெரான் என்னும் பிரெஞ்சு வைத்தியர், ஜுரத்தால் வருந்திய ஒரு சிப்பாயின் ரத்தத்தைப் பூதக்கண்ணாடியின்கீழ் வைத்துப் பார்த்தபோது, அதில் உயிருள்ள கிருமிகள் அசைவதைக் கண்டார். மலேரியாவுக்கு மூலமான கிருமி மனிதர் கண்ணுக்கு அகப்பட்டது அன்றுதான். அதற்கு 17 வருஷங்களுக்குப் பின், 1897-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 20-ந் தேதி, ஹைதராபாத்தை அடுத்த சிகந்தராபாத்தில், ரொனால்டு ராஸ் என்னும் ராணுவ வைத்தியர், அதே கிருமி கொசுவின் வயிற்றில் வளர்வதைக் கண்டுபிடித்தார். அக்கொசு குடித்திருந்தது உசேன் கான் என்னும் இந்திய நோயாளியின் ரத்தம். கொசு ஒன்றுக்கு ஓர் அணா வீதம் பெற்றுக்கொண்டு அவன் தன் உடம்பைக் கடிக்கக் கொடுத்தான். ராஸுக்கு 1902-லும் லாவெரானுக்கு 1907-லும் நோபெல் பரிசு கிடைத்தது. உசேன் கானுக்குக் கிடைத்தது அந்தச் சில அணாக்களே.

ஆக, மலேரியா சாஸ்திரத்தின் இரு பெரும் உண்மைகளும் அந்நிய ஆட்சியின்கீழ் இருந்த இரண்டு தேசங்களில் வெளியாயின. அவற்றில் ஒன்றாகிய அல்ஜீரியா 1962-ல் சுதந்திரம் அடைந்தது. 2019-ம் வருஷம் மே மாதத்தில், "இத்தேசத்தில் மலேரியா இல்லை" என்று உலக சுகாதார ஸ்தாபனம் அதற்கு நற்சாட்சிப் பத்திரம் அளித்தது. மற்றொன்றாகிய இந்தியா அப்பத்திரத்தை இன்னும் பெறவில்லை. 2030-ம் வருஷத்துக்குள் மலேரியாவை ஒழித்துவிடுவது என்று நம் சர்க்கார் சங்கல்பம் செய்திருக்கின்றனர். ஆகவே அந்தப் பத்திரம் எத்தகையது, அதை யார் யாருக்குக் கொடுத்தார்கள், பெற்றவர்கள் அதை எவ்வாறு காத்தார்கள் அல்லது இழந்தார்கள் என்பதைத் தேச ஊழியர்கள் அறிந்துகொள்வது அவசியமாகும்.

இல்லாததை எப்படி ருஜுப்பிப்பது?

ஒரு தேசத்தில் மலேரியா இருக்கிறது என்று காட்டுவதற்கு ஒரு நோயாளி போதும். இல்லை என்று காட்டுவதோ எளிதன்று. "எங்கள் ஆஸ்பத்திரியில் மலேரியா நோயாளி எவரும் இல்லை" என்று ஒரு சர்க்கார் கூறினால், நோய் இல்லாததால் இல்லையா, அல்லது தேடிப் பார்க்காததால் இல்லையா என்ற கேள்வி உடனே எழும். ரத்தத்தைச் சோதிக்காத ஊரில் மலேரியா ஒருபோதும் தென்படாது. இந்தச் சங்கடத்தைத் தீர்ப்பதற்காகவே பத்திரத்துக்குரிய விதிகள் வகுக்கப்பட்டன.

முதலாவதாக, உள்நாட்டுக் கொசுவினால் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குப் பரவும் தொற்று தேசம் முழுவதிலும் தொடர்ந்து மூன்று வருஷங்களாவது அறவே நின்றிருக்க வேண்டும். இரண்டாவதாக, நோய் மறுபடி தலைகாட்டினால் அதை உடனே கண்டுபிடித்து அடக்கக்கூடிய கண்காணிப்பு அத்தேசத்தில் நிலைபெற்றிருக்க வேண்டும். வெளிநாட்டில் ஜுரத்தை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பும் பிரயாணியின் கணக்கு வேறு. அவன் ஒருவனால் பத்திரம் கெடாது. ஆனால் அவனைக் கடித்த உள்ளூர்க் கொசு அடுத்த வீட்டுக்காரனுக்குக் கிருமியைக் கொண்டு சென்று, அது தொடர்கதையாகிவிட்டால், பத்திரம் வெறுங் காகிதமாகும்.

சுதந்திர தேசம் ஒன்று தன் ஆரோக்கியத்துக்கு ஜெனீவாவிலுள்ள ஒரு ஸ்தாபனத்தின் சாட்சியைக் கேட்டு நிற்பது சுயமரியாதைக்குப் பொருந்துமா என்று சிலர் கேட்கலாம். இக்கேள்விக்கு விதிகளே பதில் கூறுகின்றன. பத்திரத்தை எவரும் வலிய வந்து தருவதில்லை. தேசமே மனுச் செய்துகொள்ள வேண்டும். சாட்சியங்களையும் தேசமே திரட்ட வேண்டும். ஒவ்வொரு ஜில்லாவிலும் எத்தனை பேருடைய ரத்தம் சோதிக்கப்பட்டது, கண்ட ஜுரம் ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது, எந்தெந்தக் குட்டையில் எந்தக் கொசு வளர்கிறது என்ற தஸ்தாவேஜுகள் அனைத்தையும் மேஜைமேல் வைக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் நிபுணர்கள் அத்தஸ்தாவேஜுகளைப் படித்து, கிராமங்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் நேரில் சென்று, எழுதியிருப்பது மெய்தானா என்று பரீக்ஷிப்பார்கள். கணக்கு எழுதுகிறவனே கணக்கைத் தணிக்கை செய்வது முறையன்று என்பதைக் கூட்டுறவுச் சங்கம் நடத்துகிற எவரும் அறிவர். தேசத்துக்கும் அதே நியாயந்தான்.

ஏட்டில் ஏறிய முதற் பெயர்கள்

1955-ம் வருஷம் மெக்ஸிகோ நகரத்தில் கூடிய எட்டாவது உலக சுகாதார மகாசபை, மலேரியாவைப் பூமியிலிருந்தே ஒழிப்பது என்று தீர்மானித்தது. அக்காலத்தில் இருந்த நம்பிக்கைக்கு அளவில்லை. டி.டி.டி. என்னும் பூச்சி மருந்தின் குணத்தை ஸ்விட்ஜர்லாந்தைச் சேர்ந்த பால் முல்லர் 1939-ல் கண்டறிந்து, 1948-ல் அதற்காக நோபெல் பரிசும் பெற்றிருந்தார். வீட்டுச் சுவர்களில் அதைத் தெளித்துவிட்டால், மனிதரைக் கடித்துவிட்டுச் சுவரில் அமரும் கொசு மாண்டுபோகும். சில வருஷங்கள் இதை விடாது செய்தால் மனித உடம்பில் எஞ்சிய கிருமியும் தானே அற்றுப்போகும் என்பது யுக்தி. யுத்தத்தில் ஜயிப்பதற்கு முன்பே ஜயஸ்தம்பத்துக்கு இடம் பார்த்ததுபோல், 1960-ல் கூடிய மகாசபை, மலேரியா ஒழிந்த பிரதேசங்களின் பெயரைப் பொறிக்க ஓர் அதிகாரபூர்வமான ஏட்டைத் திறக்கும்படி பணித்தது.

1961-ல் வெனிசுலாவின் வடபகுதி அவ்வேட்டில் முதலாவதாக ஏறியது. 1962-ல் கிரெனடா, செயின்ட் லூசியா என்னும் சிறு தீவுகள் ஏறின. 1964-ல் ஹங்கேரியும் ஸ்பெயினும் சேர்ந்தன. பின்னர் பல்கேரியா, போலந்து, ருமேனியா, ஜமைக்கா, சைப்ரஸ் என்று பெயர்கள் தொடர்ந்தன. மலேரியா என்ற பெயரையே உலகுக்குத் தந்த இத்தாலி 1970-ல் பத்திரம் பெற்றது. அமெரிக்க ஐக்கிய நாடுகளும் அவ்வருஷமே பெற்றன. இத்தாலியின் வெற்றி டி.டி.டி.யினால் மட்டும் வந்ததென்று எண்ணலாகாது. 1900-ம் வருஷத்திலேயே அங்குச் சர்க்கார் கொயினா மாத்திரையைத் தாமே விற்பதற்குச் சட்டம் செய்து, ஏழை உழவனுக்கும் அது எட்டும்படி செய்தனர். சதுப்பு நிலங்களின் நீரை வடிப்பதற்குப் பல தலைமுறைகள் பாடுபட்டன.

இந்த ஏட்டுக்குத் துணையாக மற்றொரு ஜாபிதாவும் உண்டு. மலேரியா என்றுமே இல்லாத தேசங்களும், பிரத்தியேக முயற்சி எதுவுமின்றி அது தானாக மறைந்த தேசங்களும் அதில் அடங்கும். இங்கிலாந்தின் சேற்று நிலங்களில் ஒரு காலத்தில் முறைஜுரம் மிகுந்திருந்தது. நீர் வடிந்து, வீடும் உணவும் சீர்பட்டபின் அது மறைந்தது. செல்வமும் நல்ல வீடும் உள்ள ஜனங்களிடையே மலேரியா நிற்பதில்லை என்பதற்கு அந்த ஜாபிதாவே சாட்சி.

ஆனால் பெரிய ஏட்டைப் புரட்டிப் பார்ப்பவர்களுக்கு ஒரு குறை உடனே கண்ணில் படும். முதற் பத்து வருஷங்களில் ஏறியவை பெரும்பாலும் ஐரோப்பிய தேசங்களும் சிறு தீவுகளுமேயாம். மலேரியா மிகக் கொடியதாயிருந்த ஸஹாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்கா, "உலகமெங்கும்" என்று பெயர் வைத்த அந்த முயற்சியில் பெரும்பாலும் சேர்க்கப்படவேயில்லை. நோய் அதிகமுள்ள இடத்தை விட்டுவிட்டுக் குறைவாயுள்ள இடத்தில் வெற்றி தேடிய திட்டம் நெடுநாள் நிற்கவில்லை. 1969-ல் பாஸ்டன் நகரில் கூடிய மகாசபை, எல்லாத் தேசங்களிலும் உடனே ஒழித்துவிடுவது இயலாது என்று ஒப்புக்கொண்டது.

இலங்கை கற்ற பாடம்

பத்திரத்தின் மெய்யான மதிப்பை உணர இலங்கையின் சரித்திரத்தைவிடச் சிறந்த பாடம் வேறில்லை. 1934-ல் அங்குப் பருவமழை பொய்த்தது. எப்போதும் நீர் ஓடும் தென்மேற்குப் பிரதேச ஆறுகள் வற்றி, மணற்படுகையில் ஆயிரக்கணக்கான சிறு குட்டைகளாயின. வெயில் படும் தெளிந்த குட்டை நீரில் மலேரியாக் கொசு பெருகியது. அப்பிரதேசத்து ஜனங்களுக்கு அந்த ஜுரம் பழக்கமில்லாததால் உடம்பில் எதிர்ப்புச் சக்தியும் இல்லை. 1934-ன் இறுதியில் தொடங்கிச் சில மாதங்களுக்குள் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் ஏழைக் குடியானவர்களும் அவர்களுடைய குழந்தைகளுமே.

அந்தக் காலத்தில் சூரியமல் இயக்கத்தைச் சேர்ந்த இளைஞர்கள் மருந்தும் பருப்பும் சுமந்துகொண்டு கேகாலை முதலிய இடங்களின் கிராமங்களுக்குச் சென்றார்கள். டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க, என். எம். பெரேரா முதலியோர் அவர்களில் முக்கியமானவர்கள். அந்நிய சர்க்காரின் ஆட்சியில் கிராமவாசி எந்த நிலையில் இருக்கிறான் என்பதை அவர்கள் வீடு வீடாகக் கண்டறிந்தார்கள். 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது. அடுத்த வருஷத் தேர்தலில் என். எம். பெரேராவும் பிலிப் குணவர்த்தனவும் சட்டசபைக்குச் சென்றனர். ஜுரத்தில் செய்த சேவை அரசியலுக்கு வேராக அமைந்ததற்கு இது ஒரு திருஷ்டாந்தம்.

இரண்டாவது உலக யுத்தத்தின் முடிவில் இலங்கையில் டி.டி.டி. தெளிப்பு தொடங்கியது. ஜுரம் வருஷந்தோறும் குறைந்தது. 1963-ல் தீவு முழுவதிலும் 17 பேருக்கு மட்டுமே மலேரியா கண்டது. பதினேழே பேர்! லக்ஷக்கணக்கில் எண்ணிய இடத்தில் விரல்விட்டு எண்ணும் நிலை வந்தது. பத்திரம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

அங்கேதான் பிழை நேர்ந்தது. பகைவன் ஒழிந்தான் என்று எண்ணி, தெளிப்பை நிறுத்தினார்கள், பணத்தைக் குறைத்தார்கள், ரத்தச் சோதனை தளர்ந்தது. ஊழியர்கள் வேறு வேலைகளுக்குச் சென்றார்கள். ரத்தினக்கல் தேடி மக்கள் திரண்ட இடங்களில், தோண்டிவிட்ட குழிகளில் நீர் தேங்கிக் கொசு பெருகிற்று. பல ஜில்லாக்களிலிருந்து வந்து போனவர்களுடன் கிருமியும் வந்து போயிற்று. 1967-ன் இறுதியில் நோய் கிளம்பியது. 1969-ல் மட்டும் ஐந்து லக்ஷத்துக்கு மேற்பட்டவர்கள் மலேரியாவில் விழுந்தார்கள். பதினேழு ஐந்து லக்ஷமாவதற்கு ஆறே வருஷங்கள் பிடித்தன. அடுத்த தலைமுறை முழுவதும் இலங்கை அந்தக் கடனைத் தீர்த்துக்கொண்டிருந்தது. 1999-ல்கூட இரண்டரை லக்ஷத்துக்கு அதிகமானோர் ஜுரங் கண்டனர்.

இதனிடையே உள்நாட்டு யுத்தம் மூண்டது. தமிழ் மக்கள் வாழும் வடக்கிலும் கிழக்கிலும் நோய் கடுமையாயிருந்தது. ஆயினும் மலேரியாத் தடுப்பு ஊழியர்கள் வேலையைக் கைவிடவில்லை. மருந்தும் கொசுவலையும் யுத்தகளத்தைத் தாண்டிச் செல்வதைப் போரிட்ட இரு தரப்பாரும் பெரும்பாலும் அனுமதித்தனர். வேறு எதிலும் உடன்படாதவர்கள் கொசுவின் விஷயத்தில் உடன்பட்டார்கள். பீரங்கி வெடித்த இடத்திலும் ரத்தத் துளி கண்ணாடிச் சில்லில் ஏறி ஆய்வுசாலைக்குப் போயிற்று. நோயின் எண்ணிக்கை யுத்தம் நடக்கும்போதே சரிந்தது. 2012 அக்டோபருக்குப் பிறகு உள்நாட்டுத் தொற்று ஒன்றேனும் காணப்படவில்லை. 2016-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 5-ந் தேதி இலங்கை தன் நற்சாட்சிப் பத்திரத்தைப் பெற்றது.

1963-ல் 17 பேர், 2016-ல் பத்திரம். இரண்டு நிலைகளுக்கும் உள்ள வித்தியாசம் எது? முன்னது நோயின் எண்ணிக்கை குறைந்த நிலை. பின்னது, எண்ணிக்கை பூஜ்யமான பின்னும் எண்ணுவதை நிறுத்தாத நிலை. இன்றும் இலங்கையில் ஜுரத்துடன் வெளிநாட்டிலிருந்து திரும்பும் பிரயாணியின் ரத்தம் சோதிக்கப்படுகிறது. மலேரியா உள்ள தேசங்களுக்குச் செல்பவர்களுக்குத் தடுப்பு மருந்து இலவசமாக அளிக்கப்படுகிறது. 2018-ன் இறுதியில், இந்தியாவிலிருந்து சென்ற ஒரு தொழிலாளியிடமிருந்து உள்ளூர்வாசி ஒருவருக்கு ஜுரம் தொற்றியது. ஊழியர்கள் சுற்றுப்புறத்தாரின் ரத்தத்தைச் சோதித்து, கொசுவைத் தேடி அழித்து, அந்தத் தொடரை அவ்விடத்திலேயே அறுத்துவிட்டனர். காவல் விழித்திருந்தபடியால் ஒன்று இரண்டாகவில்லை.

பெற்றபின் இழந்தோர்

இலங்கை பத்திரத்துக்கு முன்பே இடறியது. மொரீஷியஸ் பத்திரம் பெற்ற பின்பு இடறியது. கரும்புத் தோட்டங்களுக்காக நம்மவர் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்ட அத்தீவை 1867-ல் மலேரியா கொள்ளைநோயாகத் தாக்கி, ஆயிரக்கணக்கானோரை மாய்த்தது. ராஸே பிற்காலத்தில் அங்குச் சென்று ஆலோசனை கூறினார். நெடுங்காலப் பிரயாசையின் பலனாக அத்தேசம் 1973-ல் பத்திரம் பெற்றது. 1975 பிப்ரவரியில் பெரும் புயல் அடித்தது. வீடுகள் இடிந்தன, நீர் தேங்கியது, வெளிநாடுகளிலிருந்து வந்த தொழிலாளருடன் கிருமியும் வந்தது. பத்திரத்தின் மை உலர்ந்த இரண்டு வருஷங்களுக்குள் மலேரியா திரும்பிற்று. அதை மறுபடி அடக்க இருபது வருஷங்களுக்கு மேல் ஆயின. இப்போது அங்கே மலேரியா உள்ள தேசங்களிலிருந்து வரும் பிரயாணிகளை விமான நிலையத்திலேயே குறித்துக்கொண்டு, பின்னர் அவர்களுடைய உடல்நிலையை விசாரிக்கிறார்கள். பத்திரத்தை இழந்த அனுபவமே அவர்களுக்கு இந்த விழிப்பைத் தந்தது.

கேப் வெர்டே தீவுகளின் கதையும் இத்தகையதே. கொசுவை அடக்கி இரண்டு முறை மலேரியாவை நிறுத்திய அத்தேசம், காவல் தளர்ந்தபோதெல்லாம் அதைத் திரும்பப் பெற்றது. 2024 ஜனவரியில்தான் பத்திரத்தை அடைந்தது.

1987-ல் புருனேய் பெற்றபின் இருபது வருஷங்கள் வரை எந்தத் தேசத்துக்கும் புதிதாகப் பத்திரம் அளிக்கப்படவில்லை. ஏடு அலமாரியில் தூங்கிற்று. 2007-ல் ஐக்கிய அரபு நாடுகளின் பெயரோடு அது மறுபடி திறந்தது. பின்னர் மொராக்கோ, ஆர்மீனியா, மாலத்தீவு, பராகுவே என்று தொடர்ந்து, 2025 ஜூலைக்குள் 47 தேசங்கள் பத்திரம் பெற்றவை ஆயின.

இவற்றில் மூன்றை நம்மவர் கவனிப்பது நலம். 1940-களில் வருஷத்துக்கு மூன்று கோடிப் பேர் மலேரியாவால் வருந்திய சீனா 2021 ஜூனில் பத்திரம் பெற்றது. அங்கு வழங்கிய விதி மிக எளியது: நோய் கண்ட ஒரு நாளுக்குள் மேலிடத்துக்குத் தகவல், மூன்று நாளுக்குள் அது எங்கிருந்து வந்ததென்று விசாரணை, ஏழு நாளுக்குள் அவ்விடத்தில் பரவாதபடி தடுப்பு. இதில் பெரிய ரகசியம் எதுவுமில்லை; தவறாது செய்ததே ரகசியம். எகிப்து 1940-களின் யுத்தகாலத்தில் முப்பது லக்ஷத்துக்கு மேற்பட்ட நோயாளிகளைக் கண்டது. 2014-ல் அஸ்வான் பக்கத்தில் மறுபடி சிறிது தலைகாட்டிய நோயையும் அடக்கி, 2024 அக்டோபரில் பத்திரம் பெற்றது. மூன்றாவது தைமூர். 2002-ல் சுதந்திரம் அடைந்த இந்தச் சிறு தேசத்தில் 2006-ல் இரண்டு லக்ஷத்துக்கு அதிகமானோர் மலேரியா நோயாளிகள். சுதந்திரம் பெற்ற இருபத்து மூன்று வருஷங்களுக்குள், 2025 ஜூலையில், மலேரியா அற்ற தேசமென்று அது அறிவிக்கப்பட்டது. ஏழைத் தேசத்தால் இது ஆகாது என்போருக்குத் தைமூர் பதில் கூறிவிட்டது.

நம் கணக்கு

நமக்கும் ஒரு 1963 உண்டு என்பதை மறக்கலாகாது. சுதந்திரம் வந்த காலத்தில் இந்தியாவில் வருஷந்தோறும் ஏழரைக் கோடிப் பேர் மலேரியாவில் விழுந்தனர் என்றும், எட்டு லக்ஷம் பேர் மாண்டனர் என்றும் மதிப்பிடப்பட்டது. 1953-ல் தேசியத் தடுப்புத் திட்டம் தொடங்கிற்று. 1958-ல் அது ஒழிப்புத் திட்டமாயிற்று. 1965-ல் நோயாளிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒரு லக்ஷமாகக் குறைந்தது. புது ஆட்சியின் மகத்தான சாதனைகளில் இதுவும் ஒன்று. ஆனால் அதன் பின்னர் நாமும் இலங்கை சென்ற வழியே சென்றோம். கொசுவுக்கு மருந்து பழகிப்போயிற்று; கிராமங்களில் காவல் ஊழியர் போதவில்லை; பட்டணத்து மலேரியாவை எவரும் பொருட்படுத்தவில்லை. 1976-ல் 64 லக்ஷம் பேர் ஜுரங் கண்டனர். கையில் வந்த வெற்றியை நாம் நழுவவிட்டோம்.

இப்போது எண்ணிக்கை மறுபடி பெரிதும் குறைந்து வருகிறது. சந்தோஷமே. ஆனால் எண்ணிக்கை குறையும் காலந்தான் அபாய காலம் என்பதை மேற்கண்ட சரித்திரம் முழுவதும் கூறுகிறது. நோயாளி குறையக் குறைய, எஞ்சிய ஒருவனைக் கண்டுபிடிக்கும் செலவு கூடும். ஆயிரம் பேருடைய ரத்தத்தைச் சோதித்தும் ஒருவரிடமும் கிருமி இல்லாவிட்டால், "இந்தச் செலவு எதற்கு?" என்று கணக்கு இலாகா கேட்கும். அந்தக் கேள்விக்குத் தலைவணங்கிய தேசங்களே 1960-களில் இடறின.

மற்றோர் அபாயமும் உண்டு. குறிப்பிட்ட வருஷத்துக்குள் பூஜ்யத்தைக் காட்டவேண்டும் என்று மேலிருந்து கட்டளை வரும்போது, கீழிருக்கும் உத்தியோகஸ்தர் நோயைக் குறைப்பதற்குப் பதிலாக நோயின் கணக்கைக் குறைக்க ஆசைப்படலாம். "காய்ச்சல்" என்று மட்டும் எழுதிவிட்டால் மலேரியா மறைந்துவிடும். ஆனால் கொசு தாக்கல் புத்தகத்தைப் படிப்பதில்லை. மறைத்த நோயாளி ஒருவனைக் கடித்து அது பத்துப் பேரைத் தேடிச் செல்லும். ஜில்லா ஒன்று தன் நோயாளிகளை மறைக்காமல் எழுதினால், அதைக் கண்டிக்கலாகாது, பாராட்ட வேண்டும். உண்மைக் கணக்கு எழுதுகிறவனைத் தண்டிக்கும் ராஜ்யத்துக்குப் பத்திரம் கிடைக்காது, கிடைத்தாலும் நிற்காது.

தமிழ்நாட்டுக்கு இதில் தனிக் கடமை உண்டு. மலேரியாக் கொசு கழனிக்கும் காட்டுக்கும் உரியதென்று பலர் எண்ணுகின்றனர். நம் பட்டணங்களில் மலேரியாவைப் பரப்பும் ஸ்டெபென்ஸி என்னும் கொசுவோ, வீட்டுக் கிணற்றிலும் மூடாத மேல்தொட்டியிலும் உள்ள நல்ல தண்ணீரில் வளர்கிறது. சென்னைக்கும் ராமேசுவரத்துக்கும் அது பழைய பகை. இலங்கை பத்திரம் பெற்ற அதே 2016-ம் வருஷத்தில், டிசம்பர் மாதத்தில், மன்னார்த் தீவின் கிணறுகளில் அக்கொசு முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. நம் கரைக்கும் அக்கரைக்கும் இடையே உள்ளது சிறு கடலே. இங்கே மூடாத தொட்டி அங்கே காவலனின் தூக்கத்தைக் கெடுக்கும். அண்டை வீட்டான் அணைத்த நெருப்பை நம் கூரையில் வைத்துக்கொண்டிருப்பது நட்புமன்று, நியாயமுமன்று.

ஆகவே தேச ஊழியர்கள் செய்யத்தக்க வேலை நிறைய உண்டு. தம் ஊரில் ஜுரம் வந்தவரின் ரத்தம் சோதிக்கப்படுகிறதா, சோதனையின் முடிவு எத்தனை நாளில் வருகிறது, கட்டட வேலைக்காக வெளி மாகாணங்களிலிருந்து வந்து தங்கும் தொழிலாளருக்கு வைத்தியம் எட்டுகிறதா, கிணறும் தொட்டியும் மூடப்பட்டிருக்கின்றனவா என்று முனிசிபாலிடியிலும் பஞ்சாயத்திலும் விடாது கேட்கவேண்டும். கிருமியோடு வரும் தொழிலாளியைக் குற்றவாளிபோல் விரட்டினால் அவன் ஒளிந்துகொள்வான்; அவனோடு கிருமியும் ஒளிந்துகொள்ளும். அவனுக்கு மருந்து கொடுப்பதே ஊருக்கு ரக்ஷை. ஜுரம் குறைந்துவிட்டது என்று காரணங் காட்டி ஊழியரைக் குறைக்கும் பிரேரணை எந்தச் சபையில் வந்தாலும், 1963-ம் வருஷத்து இலங்கையை எழுந்து நின்று எடுத்துக்காட்ட வேண்டும்.

சிகந்தராபாத்தில் ஒரு கொசுவுக்கு ஓர் அணா என்று விலை வைக்கப்பட்ட உசேன் கானின் ரத்தத்திலிருந்துதான் இந்தச் சாஸ்திரம் பிறந்தது. அவன் சந்ததியார் அதன் பலனை முழுவதும் அடையும் நாளே நாம் பத்திரம் பெறும் நாள். அந்த நாளில் மேளதாளம் முழங்கட்டும், அதற்குக் குறைவில்லை. ஆனால் மறுநாட் காலையிலும், ஏதோ ஒரு கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில், ஜுரத்தோடு வந்த ஒருவனின் விரலைக் குத்தி ஒரு துளி ரத்தத்தை எடுத்துக் கண்ணாடிச் சில்லில் தடவும் ஊழியர் தம் இடத்தில் இருக்கவேண்டும். அவர் இருக்கும்வரை பத்திரம் மெய். அவர் இல்லாவிட்டால், எத்தனை முத்திரை பதித்திருந்தாலும் அது பொய்.